குண்டு உள்ளே போய் என்ன செய்கிறது? பெரிய விலங்குக்கான தோட்டா பற்றி ஓர் எளிய விளக்கம்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கேரளம்தான், ஆனால் டீக்கடைப் பேச்சு முழுக்கத் தமிழ். கடலைக்காட்டில் பன்றி சுட்டார்கள் என்று செய்தி வந்துவிட்டால், இரண்டு நாளைக்கு அங்கே வேறு பேச்சு கிடையாது. சமீபத்தில் பஞ்சாயத்து அனுமதியோடு வந்த ஒருவர் சுட்ட கடுவன் பன்றி, குண்டு பட்ட பிறகும் எழுபது எண்பது அடி ஓடி வரப்போரம் விழுந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்கு நிபுணர் ஆகிவிட்டார்கள்.

"தோட்டா சின்னது, அதான் ஓடிருச்சு" என்றார் ஒருவர். "பெருசு போட்டிருந்தா நின்ன எடத்துல இருந்து தூக்கி வீசியிருக்கும்" என்றார் அடுத்தவர். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர் ஒருவர், "ஆப்பிரிக்காவுல அவனவனே தோட்டா கட்டிக்குவானுங்க. மருந்தக் கூட்டிப் போட்டா எந்த ஆனையும் சாயும்" என்று முடித்துவைத்தார். மூன்றுமே தவறு. ஆனால் மூன்றும் வெவ்வேறு விதமான தவறு என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வேட்டை கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை நிறுத்திவிட்டது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுவது லைசன்ஸ் உள்ளவர், சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும், கறி வைக்கக் கூடாது. இனி நான் காட்டெருமை, யானை என்று பேசுவதெல்லாம் வேட்டைக்கு அனுமதியுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கதையும் பழைய காலத்துக் கதையும்தான்.

தோட்டா வேறு, குண்டு வேறு

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. தமிழில் நாம் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறோம். இந்த விஷயத்தில் மலையாளம் கறார். முழுசாக இருப்பது 'திர', அதிலிருந்து பறந்து போவது 'உண்ட'. (அங்கே போய் 'தோட்ட' என்றால் மீன் பிடிக்க ஆற்றில் போடும் வெடி என்று நினைப்பார்கள். எல்லையில் வாழ்வதில் இப்படிச் சில சங்கடங்கள்.)

இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் முழுப் பொருள். அதில் நான்கு பாகம். பித்தளைக் கூடு. அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப். உள்ளே மருந்து. வாயில் செருகியிருக்கும் குண்டு. தீபாவளி ராக்கெட்டில் மருந்தும் சேர்ந்து பறக்கும். இங்கே மருந்து துப்பாக்கிக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். விலங்கைப் போய்ச் சேர்வது குண்டு மட்டும்தான்.

தூக்கி வீசுமா?

வீசாது. கிரிக்கெட் பந்தைக் கையில் பிடிக்கும்போது கை பின்னால் போகிறதே, அந்தத் தள்ளுதலுக்குப் பெயர் உந்தம். எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். துப்பாக்கி தோளில் உதைப்பதும் இதே கணக்குத்தான். முன்னால் போகும் குண்டுக்கு எவ்வளவு உந்தமோ, அதே அளவும், கூடவே பாயும் புகையின் பங்கும் சுட்டவர் தோளுக்கு வந்து சேரும். விலங்கைத் தூக்கி வீசும் துப்பாக்கி என்று ஒன்று இருந்தால், அது முதலில் சுட்டவரை வீசியிருக்கும்.

எண்ணில் பார்க்கலாம். .30-06 என்பது 1906-இல் வந்த, உலகம் முழுக்கப் புழங்கும் ரைஃபிள் தோட்டா. அதில் 180 கிரெய்ன் குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கிரெய்ன் என்பது தானிய மணியை வைத்து வந்த பழைய எடை. நம் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி, 65 மில்லிகிராம். 180 கிரெய்ன் என்றால் 12 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இது 80 கிலோ பன்றிக்குள் முழுதாக நின்றுவிட்டால் பன்றிக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு 12 சென்டிமீட்டர். மாட்டை லேசாகத் தள்ளினால்கூட அதைவிட நகரும். ஆப்பிரிக்காவில் புகழ்பெற்ற .375 தோட்டாவின் 300 கிரெய்ன் குண்டை 800 கிலோ விலங்கில் சுட்டால் கிடைப்பது வினாடிக்கு 2 சென்டிமீட்டர். எறும்பு நடை.

அப்படியானால் அவ்வளவு ஆற்றலும் எங்கே போகிறது? தசையைக் கிழிப்பதில், எலும்பை உடைப்பதில், குண்டே நசுங்குவதில். பெரிய கல்லைப் போட்டுத் தேங்காயை உடைக்கலாம், ஆனால் கோணி ஊசியால் சாக்கைத் தைப்பவர் சாக்கைத் தள்ளுவதில்லை, துளைக்கிறார். குண்டு ஊசியின் சாதி.

துளை எங்கே போய்ச் சேர்கிறது என்பதே எல்லாம். மூளை, தண்டுவடத்தின் மேற்பகுதி என்றால் விலங்கு உடனே விழும். இதயம், நுரையீரல் என்றால் ரத்த ஓட்டம் நிற்கும். ஆனால் மூளையில் ஏற்கெனவே உள்ள ஆக்ஸிஜன் பத்து வினாடிக்குத் தாங்கும். பன்றிக்குப் பத்து வினாடி போதும், ஒரு வயலைத் தாண்டிவிடும். நம் கடுவன் எழுபது அடி ஓடியதற்கு அதுவே காரணம். அந்தச் சூடு சரியான சூடு. தோட்டாவைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

எவ்வளவு ஆழம்?

ஆக, முதல் கேள்வி ஆழம். ஒரே எடையுள்ள கடப்பாரையையும் இரும்பு உருண்டையையும் ஈர மண்ணில் ஒரே உயரத்திலிருந்து போடுங்கள். கடப்பாரை நட்டுக்கொண்டு நிற்கும். உருண்டை குழி பறித்துவிட்டு உட்காரும். எடை ஒன்றுதான், ஆனால் கடப்பாரையின் எடை முழுதும் சின்ன வட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது. குண்டுக்கும் இதேதான். தடிமனுக்கு எவ்வளவு எடை என்ற இந்தக் கணக்கைக் குறுக்கடர்த்தி என்பார்கள். குண்டின் எடையை, பவுண்டில், தடிமனின் வர்க்கத்தால், அங்குலத்தில், வகுத்தால் வரும் எண்.

.30-06 குண்டின் தடிமன் 0.308 அங்குலம். 150 கிரெய்ன் குண்டுக்குக் குறுக்கடர்த்தி 0.226. அதே தடிமனில் நீளமான 220 கிரெய்ன் குண்டுக்கு 0.331. துப்பாக்கி ஒன்றே, தோட்டாவின் பெயர் ஒன்றே, ஆழம் வேறு வேறு. எருமை, யானை போன்றவற்றுக்கு 0.300-க்கு மேல் வேண்டும் என்பது அனுபவசாலிகளின் பழைய கணக்கு. .375-இன் 300 கிரெய்ன் குண்டு 0.305.

இதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டவர். இன்று நினைத்தால் வயிற்றைப் பிசையும் எண்ணிக்கை. அதில் பெரும்பகுதி 7 மில்லிமீட்டர் தடிமனே உள்ள சின்ன ரைஃபிளால். நீளமான, உடையாத குண்டு, யானை மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்ற துல்லியமான அறிவு. அவ்வளவுதான் அவர் சரக்கு. அதைப் பார்த்து அவர் வழியில் போன வேறு பலர் மிதிபட்டுச் செத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குக்கு .375 அல்லது அதை ஒட்டிய ஒன்று குறைந்தபட்சத் தடிமன் என்று வைத்திருக்கிறார்கள்.

இதுவரை வந்தது இவ்வளவு: குண்டு தள்ளுவதில்லை, துளைக்கிறது. துளை உயிர்நாடிக்குப் போய்ச் சேர வேண்டும். தடிமனுக்கு ஏற்ற எடை இருந்தால்தான் சேரும்.

விரிவதா, விரியாததா?

இங்கேதான் விஷயம் ருசிக்கிறது. வெறும் ஊசித் துளை போதாது, ஏனென்றால் மெல்லிய துளையில் ரத்தம் மெல்லத்தான் வடியும், விலங்கு மணிக்கணக்கில் தவிக்கும். அதனால் பெரும்பாலான விலங்குகளுக்கு, உள்ளே போனதும் காளான் குடை போல விரியும் குண்டு. ஈய உடம்பு, மேலே செம்புக் கலவைச் சட்டை, நுனியில் மட்டும் சட்டை திறந்து ஈயம் தெரியும். இதுதான் மென்முனைக் குண்டு, கடைக்காரர் பாஷையில் 'சாஃப்ட் நோஸ்'. விரிந்தால் துளை அகலம். ஆனால் கடப்பாரை உருண்டையாக மாறியது போல, ஆழம் குறையும். அகலமும் ஆழமும் ஒரே பையில் உள்ள காசு, ஒன்றுக்குச் செலவழித்தால் மற்றதுக்குக் குறையும்.

இந்தக் குண்டின் கதையில் இந்தியாவுக்கு ஒரு பங்கு உண்டு. 1890-களில் கல்கத்தாவுக்கு அருகே டம் டம் ஆயுதச் சாலையில்தான் ராணுவத்துக்காக விரியும் குண்டு செய்தார்கள். உலகம் அதிர்ந்து, 1899-இல் ஹேக் மாநாட்டில் போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. வேட்டையிலோ நேர் எதிர். விரியாத குண்டால் மானைச் சுடக் கூடாது என்று சட்டம் போட்ட நாடுகள் உண்டு, தவிக்காமல் சாக வேண்டும் என்பதற்காக. ஒரே குண்டு, ஓரிடத்தில் கொடூரம், இன்னோரிடத்தில் கருணை. யோசித்தால் தலை சுற்றும்.

மறுகோடியில் திடக் குண்டு. விரியவே விரியாது. முன்பு ஈயத்தைச் சுற்றி முழுக்கக் கெட்டிச் சட்டை போட்டுச் செய்தார்கள், இப்போது முழுப் பித்தளையிலோ செம்பிலோ கடைந்தே எடுக்கிறார்கள். யானைத் தலை தேன்கூடு போல அறை அறையான எலும்பு. அதைத் தாண்டித்தான் மூளை. அங்கே விரியும் குண்டு பாதி வழியில் நின்றுபோகும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் வந்தது, அதற்குக் காரணம் ஒரு மான். 1946-இல் அமெரிக்கர் ஜான் நாஸ்லர் சுட்ட மூஸ் என்ற பெரிய மான் சேறு அப்பிக்கொண்டு நின்றது. அவர் குண்டுகள் மேலோட்டமாகவே சிதறிவிட்டன, விலங்கு விழவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்து, குண்டின் நடுவில் செம்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னால் உள்ள பாதி அப்படியே உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. பிறகு ஈயமே இல்லாத முழுச்செம்புக் குண்டுகள் வந்தன. ஈயத் துணுக்குகள் கிடக்கும் உடலைத் தின்னும் கழுகுகள் செத்ததால் கலிபோர்னியாவில் 2019 முதல் ஈயக் குண்டால் வேட்டையாடவே கூடாது.

நம் ஊர்ப் பன்றிக்கு வருவோம். வயசான கடுவனுக்குத் தோள்மேல் குருத்தெலும்பு போலக் கெட்டியான கவசம் உண்டு. மெல்லிய சட்டையுள்ள, வேகமான குண்டு அதிலேயே சிதறலாம். அதற்காகத் திடக் குண்டு போட்டால் பன்றியைத் துளைத்துக்கொண்டு பின்னால் உள்ள வீடு வரைக்கும் போகும். கேரளத்தில் எந்தத் தோட்டத்துக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கும். கெட்டிச் சட்டையுள்ள மென்முனைதான் அங்கே சரி, மண்மேடு பின்னால் இருக்கும் பக்கமாகச் சுடுவது அதைவிடச் சரி.

பெயரில் உள்ள எண்கள்

.375, .470 எல்லாம் குழலின் அகலத்தை அங்குலத்தில் தோராயமாகச் சொல்வது. நம் நாட்டில் லைசன்ஸில் வாங்கும் .315 என்பது 8 மில்லிமீட்டர். வங்காளத்தில் இச்சாப்பூர்த் தொழிற்சாலையின் சரக்கு. ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கூடாது என்பதால் வந்த தனித் தடிமன் அது. 12 போரின் கணக்கு தலைகீழ். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டை, ஒரு பவுண்டுக்கு 12 வந்தால் 12 போர். எண் கூடினால் குழல் சின்னது. எங்கள் அப்புச்சி வைத்திருந்த இரட்டைக் குழல் 12 போர்தான். அதை 12 மில்லிமீட்டர் என்று நான் பள்ளியில் பெருமையடித்திருக்கிறேன், உண்மையில் 18-க்கும் மேல்.

வேகமும் சுழற்சியும்

வேகம் கூடினால் நல்லதுதானே என்பார்கள். குண்டைப் பொறுத்தது. மென்முனை விரிய ஒரு குறைந்த வேகம் வேண்டும், பலவற்றுக்கு வினாடிக்கு 550, 600 மீட்டர். தொலைவில் வேகம் தேய்ந்த பிறகு பட்டால் விரியாமலே போகும். மிகப் பக்கத்தில், மிக வேகமாகப் பட்டால் சிதறும். குண்டு செய்தவர் எந்த வேகத்துக்குச் செய்தாரோ அந்த வரம்புக்குள் பட்டால்தான் அதன் வேலையைச் செய்யும்.

சுழற்சி பம்பரம்தான். ரைஃபிள் குழலின் உட்புறம் திருகு வரிகள் உண்டு. .30-06 குழலில் பொதுவாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. கிளம்பும் வேகத்தில் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 1,90,000 சுற்றுக்கு மேல். வீட்டு மிக்ஸியைப் போலப் பத்து மடங்கு. நீளமான குண்டு தள்ளாடாமல் பறக்க வேகமான திருகு வேண்டும். பழைய துப்பாக்கியில் ஆசைப்பட்டு மிக நீளமான குண்டைப் போட்டால் சரிந்த பம்பரம் போல எங்காவது போகும்.

சுருங்கச் சொன்னால், விலங்கு எது என்று பார்த்து ஆழம், ஆழத்தைப் பார்த்துக் குண்டின் கட்டுமானமும் எடையும், அதைப் பார்த்து வேகம். துப்பாக்கியும் மருந்தும் கடைசியில்தான் வரும். டீக்கடையில் கடைசியிலிருந்து தொடங்கினார்கள்.

மருந்தைக் கூட்டிப் போட்டால்?

அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தோட்டாவை வீட்டில் தாங்களே கட்டிக்கொள்வது பழைய வழக்கம். (இங்கே லைசன்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.) சுட்ட பித்தளைக் கூடு, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் வீங்கியிருக்கும். அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, கேப் மாற்றி, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகுவது. மருந்தை கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுப்பார்கள், ஆறரை மில்லிகிராம். நகைக்கடைத் தராசு போல நுணுக்கம்.

ஏன் இந்த மெனக்கெடல்? பலம் கூட்ட என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரே மாதிரி இருப்பதற்காக. இருபது தோட்டாவும் ஒரே வேகத்தில் போனால் இருபதும் ஒரே இடத்தில் படும். தவிர, கடையில் கிடைக்காத குண்டைப் பயன்படுத்தலாம், தயாரிப்பு நின்றுபோன பழைய துப்பாக்கிக்கு உயிர் கொடுக்கலாம்.

மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. காய்ந்த பனையோலையும் வரட்டியும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே எடைதான். ஓலை குப்பென்று பற்றி முடிந்துவிடும், வரட்டி நின்று எரியும். ரைஃபிள் மருந்திலும் ஓலை ஜாதி உண்டு, வரட்டி ஜாதி உண்டு. கனமான குண்டு நகரச் சோம்பேறி. அதற்குப் பின்னால் ஓலை மருந்தைப் போட்டால், குண்டு நகரும் முன்பே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். எனவே கனமான குண்டுக்கு மெல்ல எரியும் மருந்து, பெரும்பாலும் குறைந்த எடையில். பெரிய குண்டுக்கு நிறைய மருந்து என்ற டீக்கடை நியாயம் இங்கே தலைகீழாகிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு? வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டில். .30-06 தோட்டாவுக்கு விதித்த உச்சவரம்பு 60,000 பவுண்டு. நாலாயிரம் குக்கர், முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். மருந்தைச் சிறிது கூட்டினால் வேகம் சிறிதுதான் கூடும், அழுத்தம் அதைவிடச் செங்குத்தாக ஏறும். அதனால் ஆய்வகத்தில் சோதித்து அச்சிட்ட அட்டவணையைத் தாண்டி விவரம் தெரிந்த யாரும் கைவைப்பதில்லை. அதிலும் அடிமட்டத்திலிருந்து தொடங்கித்தான் படிப்படியாக ஏறுவார்கள். வளைகுடாக்காரர் அண்ணன் சொன்னதுபோல் கூட்டிப் போட்டவருக்கு யானை சாய்கிறதோ இல்லையோ, விரல் போகும்.

தொழிற்சாலையே இதில் சறுக்கியிருக்கிறது. 1956-இல் வந்த .458 வின்செஸ்டர் மேக்னம், பெரிய விலங்குக்கான பழைய பிரிட்டிஷ் தோட்டா .470-இன் பலத்தைச் சின்னக் கூட்டில் அடைக்கப் பார்த்தது. இடம் போதாமல் மருந்தை அழுத்தித் திணித்தார்கள். நாள்பட வைத்திருந்த தோட்டாக்களில் மருந்து கட்டிபட்டு, சரியாக எரியாமல், குண்டு மெதுவாகப் போனது. எதிரே யானை நிற்கும்போது இதைக் கண்டுபிடித்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

வெயில்

கடைசியாக, நம் ஊருக்கே உரிய விஷயம். மருந்து எரியும் வேகம் அதன் சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த ஈர விறகும் வெயிலில் காய்ந்த விறகும் ஒன்றாகப் பற்றுமா? பிரிட்டிஷ் துப்பாக்கிகளின் மருந்து கார்டைட். கயிறு கயிறாக இருக்கும், அதனால் அந்தப் பெயர். குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் அதற்கென்றே தொழிற்சாலை வைத்தார்கள். அந்த மருந்து வெயிலைக் கண்டால் ஆடும். இங்கிலாந்துக் குளிரில் சோதித்த தோட்டாவை இந்தியக் கோடையில் சுட்டால் அழுத்தம் எகிறி, வெற்றுக்கூடு குழலின் அறையிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது தோட்டா உள்ளே போகாது. புலியோ எருமையோ பாய்ந்து வரும் நேரத்தில். அதனால் மருந்தைக் குறைத்து 'வெப்பநாட்டுத் தோட்டா' என்று தனியாகவே விற்றார்கள். .470 போன்றவற்றுக்குக் கூடு அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். விசாலமான கூட்டில், குறைந்த அழுத்தத்தில் அதே வேலை.

இன்றைய மருந்துகள் எவ்வளவோ தேவலை, சிலவற்றைச் சூட்டுக்கு அசையாதபடியே செய்கிறார்கள். ஆனாலும் பாலக்காட்டுக் கணவாயின் பங்குனி வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். கண்ணாடி ஏற்றிய ஜீப்புக்குள் இன்னும் கூடும். டாஷ்போர்டு மேல் தோட்டாப் பெட்டியை வைத்துவிட்டுப் பன்றிக்குக் காத்திருப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்புச்சி தன் தோட்டாக்களை ஒரு டின்னில் போட்டு, வாங்கிய வருடம் எழுதி, வீட்டிலேயே குளிர்ச்சியான இடமான நெல் குதிருக்குப் பின்னால் பூட்டி வைத்திருப்பார். பழையதை முதலில் எடுப்பார், கூடு உப்பியிருந்தால் தனியே ஒதுக்கிவிடுவார். எதற்கு என்று கேட்டால், "அது கெட்ட திர, வைக்காதே" என்பார். அந்த ஒரு சொல் மட்டும் அவர் வாயில் மலையாளம்தான்.